ஆங்கிலத்தில் எழுவாய்க்கும் வினைக்கும் உள்ள இயைபு: தமிழ்வழி வருபவர்கள் எங்கே இடறுகிறார்கள்?

மெய்ப்புநோக்குநர் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். ஆங்கிலத்தில் எழுதப்படும் ஆய்வறிக்கைகளையும் ஆண்டறிக்கைகளையும் அச்சுக்குப் போகும் முன் படித்துத் திருத்துவது என் வேலை. எழுதுபவர்களில் பெரும்பாலோர் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள். துறையறிவிலும் சொல்வளத்திலும் எவருக்கும் குறைந்தவர்கள் அல்லர். 'ஹீ கோ' என்றோ 'தே இஸ்' என்றோ அவர்கள் ஒருபோதும் எழுதுவதில்லை. ஆனால் 'த குவாலிட்டி ஆஃப் த சாம்பிள்ஸ் வேர் செக்ட்' என்று எழுதிவிடுகிறார்கள். அங்கே எழுவாய் 'குவாலிட்டி' என்னும் ஒருமைச் சொல். வினை 'வாஸ்' என்றுதான் வந்திருக்க வேண்டும். விதி தெரியாததால் வரும் பிழை என்று இதைச் சொல்ல முடியாது. கேட்டால் அவர்களே விதியைத் தெளிவாகச் சொல்கிறார்கள். அப்படியானால் இது எதனால் வருகிறது, இதைக் களைய எதைப் பயிற்றுவிக்க வேண்டும் என்பதே என் கேள்வி.

இன்னொன்றும் உண்டு. 'ஹீ இஸ் ஒன் ஆஃப் த எஞ்சினியர்ஸ் ஹூ ஹேவ் சைன்ட்' என்று ஒருவர் எழுத, மற்றொருவர் அதை 'ஹேஸ்' என்று மாற்றி அனுப்பியிருக்கிறார். எது சரி என்பதில் அவர்களுக்குள் இன்னும் முடிவு ஏற்படவில்லை.

ஆங்கில ஆசிரியை எழுதியது:

வணக்கம். தாங்கள் குறிப்பிடுவது கற்றுத் தேர்ந்தவர்களின் பிழை. தொடக்க நிலையில் நான் காண்பது வேறொன்று. அதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் அதிலும் தமிழின் சாயல் இருக்கிறது. 'மாணவர்கள் படிக்கிறார்கள்' என்னும்போது பெயரிலும் 'கள்', வினையிலும் 'கள்'. ஒரே உருபு இரண்டிலும் ஒட்டிப் பன்மையைக் காட்டுகிறது. ஆங்கிலத்தில் பெயரோடு சேரும் 'எஸ்' பன்மையையும், வினையோடு சேரும் 'எஸ்' படர்க்கை ஒருமையையும் காட்டுகின்றன. எனவே 'பாய்ஸ்' என்று எழுதிய குழந்தை தன் தாய்மொழியின் ஒழுங்குப்படியே 'ரன்ஸ்' என்று எழுதுகிறது. இந்த இரண்டு 'எஸ்' எழுத்துகளும் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாதவை என்று ஒருமுறை எடுத்துச் சொன்னால், பெரும்பாலான பிள்ளைகள் உடனே பிடித்துக்கொள்கிறார்கள்.

அதேபோல 'டஸ் ஹீ கோஸ்' என்னும் பிழை. வினைத்தொடர் எத்தனை சொற்களால் ஆனாலும் இயைபைக் காட்டும் குறி அதில் ஒருமுறைதான் வரும். 'டஸ்' அதைத் தாங்கிக்கொண்ட பிறகு 'கோ' வெறுமனே நிற்க வேண்டும். தமிழிலும் 'போய்க்கொண்டிருக்கிறான்' என்பதில் இறுதித் துணைவினையில்தானே 'ஆன்' வருகிறது? 'போயான் கொண்டான் இருக்கிறான்' என்று எவரும் சொல்வதில்லை. இந்த எடுத்துக்காட்டைக் கரும்பலகையில் எழுதியதும் வகுப்பு முழுவதும் புரிந்துகொள்கிறது.

மொழியியல் மாணவர் எழுதியது:

மெய்ப்புநோக்குநர் ஐயா கேட்ட முதல் கேள்விக்கு வருகிறேன். தங்கள் எடுத்துக்காட்டில் நடந்திருப்பதை மொழியியலில் 'ஈர்ப்பு' என்பார்கள். உண்மையான எழுவாய்க்கும் வினைக்கும் நடுவே வேறொரு பெயர்ச்சொல் வந்து நின்று, வினையைத் தன் பக்கம் இழுத்துக்கொள்கிறது. இது தமிழர்களுக்கு மட்டும் நேர்வதன்று. 1991ஆம் ஆண்டு கேத்ரின் பாக், கேரல் மில்லர் என்னும் இரு ஆய்வாளர்கள் ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களிடமே இதைச் சோதித்தார்கள். 'த கீ டு த கேபினெட்ஸ்' என்பது போன்ற பாதித் தொடரைக் கொடுத்து, அதை முழு வாக்கியமாக முடிக்கச் சொன்னார்கள். சாவி ஒன்றுதான், ஆனாலும் அருகில் நின்ற 'கேபினெட்ஸ்' சிலரைப் பன்மை வினைக்கு இழுத்துச் சென்றது. இதைத் திருப்பிப் போட்டு, முன்னால் பன்மையும் அருகில் ஒருமையும் நிற்கும்படி கொடுத்தபோது பிழை மிகக் குறைவாகவே வந்தது. எனவே அறிக்கைகளைத் திருத்துபவர்கள் 'ஒருமைத் தலைச்சொல் (அதாவது பெயர்த்தொடரின் முதன்மைச் சொல்), அதன் பின் பன்மைச் சொல்' என்ற அமைப்பைக் கண்டாலே நின்று பார்க்க வேண்டும். பிழை அங்கேதான் அதிகம்.

இனி, நம்மவர்களுக்கு இது ஏன் கூடுதலாக நேர்கிறது என்பதைப் பற்றி எனக்கு ஓர் எண்ணம் உண்டு. 'மாதிரிகளின் தரம் சோதிக்கப்பட்டது' என்ற வாக்கியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பெயர்த்தொடரில் முதன்மையான சொல் 'தரம்'. அது தொடரின் இறுதியில், வினைக்குப் பக்கத்திலேயே நிற்கிறது. அடைமொழிகள் எத்தனை வந்தாலும் எல்லாம் அதற்கு முன்னால்தான் வரும்: 'சென்ற மாதம் மூன்று இடங்களிலிருந்து எடுத்து வரப்பட்ட மாதிரிகளின் தரம்'. இத்தனை பன்மைகளைக் கடந்து வந்த பிறகும் இறுதியில் 'தரம்' நிற்பதால் வினை தவறுவதற்கு வழியே இல்லை. ஆங்கிலத்தில் இந்த வரிசை தலைகீழாகிறது. 'த குவாலிட்டி' என்று முதன்மைச் சொல்லை முதலில் சொல்லிவிட்டு, 'ஆஃப் த சாம்பிள்ஸ் பிராட் ஃப்ரம் த்ரீ பிளேஸஸ்' என்று அடைமொழிகளைப் பின்னால் அடுக்குகிறார்கள். வினை வரும்போது அதன் பக்கத்தில் நிற்பது 'பிளேஸஸ்'.

'வினைக்கு முன் நிற்கும் பெயரே எழுவாயின் முதன்மைச் சொல்' என்பது தமிழில் பெரும்பாலும் பொருந்தும் பழக்கம். பிறந்தது முதல் அந்தப் பழக்கத்திலேயே வாக்கியம் அமைத்த மனம் ஆங்கிலத்திலும் அதையே செய்கிறது. ஆகவே இவர்களுக்கு விதியை மீண்டும் சொல்லிக் கொடுப்பதில் பயன் மிகக் குறைவு. பெயர்த்தொடரின் தலைச்சொல்லைக் கண்டுபிடிக்கும் பயிற்சியைத்தான் கொடுக்க வேண்டும்.

தமிழாசிரியர் எழுதியது:

மாணவரின் விளக்கம் ஏற்கத் தக்கது. ஆயினும் ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். 'நம் மொழியில் இயைபு தளர்வானது, அதனால்தான் ஆங்கிலத்தில் பிழை செய்கிறோம்' என்று சிலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். அது முற்றிலும் தவறு. வந்தான், வந்தாள், வந்தார், வந்தது, வந்தன என்று ஐம்பாலுக்கும் தனித்தனி வினைமுற்று வைத்திருக்கும் மொழி தமிழ். திணை, பால், இடம், காலம், வினா, விடை, மரபு என்னும் ஏழிலும் மயங்குவது வழு என்று நன்னூல் வகுக்கிறது. அதோடு நிற்காமல், ஒரு காரணம் பற்றி வருகிற மயக்கத்தை வழுவமைதி என்று ஏற்றுக்கொள்ளவும் செய்கிறது. ஒருவன் தன் பசுவை மகிழ்ச்சியினால் 'என் அம்மை வந்தாள்' என்று சொன்னால், அது திணை மயக்கமாயினும் குற்றமாகாது. இயைபை இலக்கணமாகவும், அதிலிருந்து விலகுவதற்கான காரணத்தைப் பொருளிலும் வைத்துப் பார்க்கும் இந்த முறை, ஆங்கிலத்தை விளங்கிக்கொள்ளவும் நமக்கு உதவும் என்று நம்புகிறேன்.

தளர்வு இருக்கும் இடம் ஒன்றுதான்: அஃறிணைப் பன்மை. 'மாடுகள் மேய்கின்றன' என்று எழுத வேண்டிய இடத்தில் 'மாடுகள் மேய்கிறது' என்று பேச்சில் தாராளமாக வருகிறது. 'பத்து மரம் இருக்கிறது' என்றால் எவரும் திருத்துவதில்லை. எனவே நம் மாணவர்கள் 'ரிசல்ட்ஸ் இஸ்', 'பேப்பர்ஸ் வாஸ்' என்று எழுதுவதும், 'ஸ்டூடண்ட்ஸ் இஸ்' என்று அரிதாகவே எழுதுவதும் வியப்பளிக்கவில்லை. இதை ஆசிரியை அவர்கள் தம் வகுப்பில் கவனித்துச் சொன்னால் மகிழ்வேன்.

என் ஐயம் ஒன்று. ஏறக்குறைய எல்லா விகுதிகளையும் இழந்துவிட்ட ஆங்கிலம், இந்த ஒற்றை 'எஸ்' விகுதியை மட்டும் ஏன் விடாமல் வைத்திருக்கிறது?

மொழியியல் மாணவர் எழுதியது:

ஐயா, 'ஏன்' என்பதை விட 'எப்படி' என்பதைத்தான் என்னால் உறுதியாகச் சொல்ல முடியும். பழைய ஆங்கிலத்தில் தன்மை ஒருமை, முன்னிலை ஒருமை, படர்க்கை ஒருமை ஆகிய மூன்றுக்கும் தனித்தனி விகுதிகளும், பன்மைக்குப் பொதுவாக ஒரு விகுதியும் இருந்தன. சொல்லிறுதி உயிர்கள் தேய்ந்து மறைந்தபோது அவற்றில் பெரும்பாலானவை உதிர்ந்தன. படர்க்கை ஒருமைக்கு இங்கிலாந்தின் தெற்கில் 'எத்' என்றும் வடக்கில் 'எஸ்' என்றும் இருவகை வழங்கின. வடக்கின் வடிவம் மெல்லத் தெற்கே இறங்கி, பதினாறு, பதினேழாம் நூற்றாண்டுகளில் இலண்டனின் வழக்கிலும் நிலைபெற்றது. 1611இல் வெளிவந்த ஆங்கில விவிலியப் பெயர்ப்பு பழைய 'எத்' வடிவத்தையே காத்தது. அதனால்தான் அதில் 'செய்த்', 'கோயெத்' என்றெல்லாம் காண்கிறோம்.

'கேன்', 'மே', 'ஷால்' முதலிய துணைவினைகளுக்கு 'எஸ்' வராததற்கும் வரலாற்றில் காரணம் உண்டு. அவை வடிவத்தால் ஒரு காலத்தில் இறந்தகால வினைகள். பொருளால் நிகழ்காலத்துக்கு நகர்ந்தவை. இறந்தகாலப் படர்க்கை ஒருமைக்கு அந்நாளிலேயே அத்தகைய விகுதி கிடையாது. இன்றும் 'வென்ட்', 'கேம்' என்பவற்றுக்கு 'எஸ்' வருவதில்லை அல்லவா? 'பீ' என்னும் வினை மட்டும்தான் இறந்தகாலத்திலும் 'வாஸ்', 'வேர்' என்று வேறுபடுகிறது. 'ஹீ கேன்ஸ்' என்று குழந்தை எழுதும்போது, விதிவிலக்கு என்று சொல்லி நிறுத்தாமல் இந்தச் செய்தியையும் சொல்லலாம்.

இயைபு இல்லாவிட்டால் மொழி தடுமாறும் என்பதும் இல்லை. நம் உடன்பிறந்த மொழியாகிய மலையாளத்தில் ஞான், அவன், அவள், அவர் அனைவருக்கும் 'வந்நு' என்ற ஒரே வினைமுற்று போதும். சுவீடிஷ் மொழியிலும் அப்படியே. இங்கிலாந்தின் கிழக்கு ஆங்கிலியப் பகுதியின் வட்டார வழக்கில் 'ஹீ கோ' என்பதே இயல்பு. ஆனால் எழுத்தாங்கிலத்தில் அந்த 'எஸ்' படித்தவர் என்பதற்கான அடையாளமாகிவிட்டது. தேர்விலும் வேலைக்கான விண்ணப்பத்திலும் அது விடுபட்டால் இழப்பு எழுதியவருக்குத்தான். ஆகவே அதைக் கற்பிப்பதில் நான் எந்தத் தளர்வையும் பரிந்துரைக்க மாட்டேன்.

ஆங்கில ஆசிரியை எழுதியது:

தமிழாசிரியர் ஐயா கேட்டதற்கு: ஆம், தாங்கள் சொல்வது போலவே 'புக்ஸ் இஸ்' என்பதை 'பாய்ஸ் இஸ்' என்பதைவிட அதிகமாகக் காண்கிறேன். அதை அஃறிணைப் பன்மையோடு நான் இணைத்துப் பார்த்ததில்லை. இனி அந்த வழியில் விளக்குகிறேன்.

செய்திப்பிரிவு உதவியாசிரியர் எழுதியது:

பொருளை வைத்து இயைபு மாறுவதைப் பற்றித் தமிழாசிரியர் சொன்னார். ஆங்கிலத்தில் அதற்கு நேரான இடம் கூட்டத்தைக் குறிக்கும் பெயர்கள். 'டீம்', 'கமிட்டி', 'கவர்ன்மென்ட்' என்பவற்றை ஒரே அமைப்பாக எண்ணினால் ஒருமை வினையும், அதிலுள்ள ஆட்களாக எண்ணினால் பன்மை வினையும் பிரித்தானிய வழக்கில் வருகின்றன. விளையாட்டுச் செய்திகளில் 'இங்கிலாந்து ஆர் பேட்டிங்' என்பது அங்கே மிக இயல்பான தொடர். அமெரிக்க வழக்கில் பெரும்பாலும் ஒருமைதான். 'போலீஸ்' என்பதற்கோ இரு வழக்கிலும் பன்மையே வரும். 'போலீஸ் ஹேஸ் அரெஸ்டட்' என்பது நம் நாளிதழ்களில் அடிக்கடி தலைகாட்டும் பிழை. 'நியூஸ்', 'மேத்தமேட்டிக்ஸ்' போன்றவை 'எஸ்' என்று முடிந்தாலும் ஒருமை.

பொருள்நோக்கு காலப்போக்கில் மாறுவதற்கு ஒரு சான்று சொல்கிறேன். 1787இல் எழுதப்பட்ட அமெரிக்க அரசமைப்புச் சட்டம், அரசுத் துரோகத்தை வரையறுக்கும் இடத்தில் அந்நாட்டை 'தெம்' என்று பன்மையாகச் சுட்டுகிறது. 1865இன் பதின்மூன்றாம் திருத்தமும் 'தேர்' என்றே சொல்கிறது. இன்று எவரும் 'த யுனைட்டெட் ஸ்டேட்ஸ் ஆர்' என்று எழுதுவதில்லை. பல நாடுகளின் கூட்டு என்ற எண்ணம் மறைந்து ஒரே நாடு என்ற எண்ணம் ஊன்றியதும் வினை ஒருமையாகிவிட்டது. சொல்லின் வடிவில் ஓர் எழுத்துகூட மாறவில்லை.

மெய்ப்புநோக்குநர் எழுதியது:

மிக்க நன்றி. கூட்டப் பெயர்களைப் பொறுத்தவரை, எந்த வழக்கை எடுத்துக்கொண்டாலும் ஓர் அறிக்கைக்குள் அதை மாற்றக் கூடாது என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். ஒரே பத்தியில் 'த கமிட்டி ஹேஸ் மெட்' என்று தொடங்கி 'தே ஹேவ் டிசைடட்' என்று முடிப்பதைப் பல இடங்களில் திருத்தியிருக்கிறேன். 'ஒன் ஆஃப் த எஞ்சினியர்ஸ்' பற்றி இன்னும் எவரும் சொல்லவில்லையே?

ஆங்கில ஆசிரியை எழுதியது:

சொல்கிறேன். 'ஹூ' என்னும் சொல் எதைச் சுட்டுகிறதோ அதன் எண்ணையே வினை ஏற்கும். கையொப்பமிட்ட பொறியாளர்கள் பலர். அவர்களுள் இவர் ஒருவர் என்பதுதான் பொருள் என்றால் 'ஹூ' சுட்டுவது 'எஞ்சினியர்ஸ்' என்பதை. 'ஹேவ்' என்பதே சரி. தமிழில் சொல்லிப் பாருங்கள்: 'கையொப்பமிட்ட பொறியாளர்களுள் ஒருவர்'. கையொப்பமிட்டது பொறியாளர்கள் என்பது பெயரெச்சத்தின் இடத்திலிருந்தே விளங்குகிறது. இதற்கு மாறாக 'த ஒன்லி ஒன் ஆஃப் த எஞ்சினியர்ஸ் ஹூ ஹேஸ் சைன்ட்' என்றால் 'பொறியாளர்களுள் கையொப்பமிட்ட ஒரே ஒருவர்'. எச்சம் இப்போது 'ஒருவர்' மேல் ஏறிவிட்டது; வினை 'ஹேஸ்'.

ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட நல்ல எழுத்தாளர்களும் முதல் அமைப்பில் 'ஹேஸ்' என்று எழுதியதுண்டு என்பதை மறைக்க விரும்பவில்லை. 'ஒன்' என்னும் சொல்லின் ஈர்ப்பு அத்தகையது. என் மாணவர்களுக்கு நான் 'ஹேவ்' என்றே கற்பிக்கிறேன்.

செய்திப்பிரிவு உதவியாசிரியர் எழுதியது:

இங்கே ஆசிரியையோடு சற்று மாறுபடுகிறேன். பெரிய எழுத்தாளர்கள் பலர் எழுதியிருக்கும் ஒன்றைப் பிழை என்று திருத்துவது, எழுதியவரின் நேரத்தையும் திருத்துபவரின் நேரத்தையும் வீணாக்கும். 'நன்' என்னும் சொல்லும் இப்படித்தான். அது 'ஒன்றும் இல்லை' என்ற மூலத்திலிருந்து வந்ததால் ஒருமை மட்டுமே வர வேண்டும் என்று பள்ளியில் சொல்லிக் கொடுத்தார்கள். உண்மையில் இரண்டும் நெடுங்காலமாக வழக்கில் இருந்து வருகின்றன. 'நன் ஆஃப் த மெம்பர்ஸ் வேர் பிரசென்ட்' என்பதை நான் தொடுவதில்லை.

ஆங்கில ஆசிரியை எழுதியது:

'நன்' பற்றித் தாங்கள் சொல்வதை முழுமையாக ஏற்கிறேன். அதில் நானும் இரண்டையும் அனுமதிக்கிறேன். ஆனால் 'ஹேவ்', 'ஹேஸ்' வேறுபாட்டினால் 'பலர் கையொப்பமிட்டனரா, ஒருவர் மட்டுமா' என்ற பொருளே மாறுகிற ஆவணத்தில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். வடிவம் பொருளுக்கு எதிராகவும் நிற்கலாம் என்பதற்கு 'மோர் தேன் ஒன் ஸ்டூடண்ட் ஹேஸ் ஃபெயில்ட்' நல்ல சான்று. பொருள் இருவர் அல்லது அதற்கு மேல். வினையோ ஒருமை, ஏனெனில் அருகில் நிற்பது 'ஒன் ஸ்டூடண்ட்'. 'நெய்தர் த டீச்சர் நார் த ஸ்டூடண்ட்ஸ் வேர்' என்பதிலும் அருகிலுள்ள சொல்லுக்கே வினை இயைகிறது. அண்மையைத் தவறு என்று சொல்லிக்கொண்டே வந்தோம். இங்கே அண்மையே விதியாகிவிட்டது. மாணவர்கள் இதைக் கேட்டுக் குழம்புவதில் நியாயம் இருக்கிறது.

மொழியியல் மாணவர் எழுதியது:

திருத்தும் பணியில் பயன்படக்கூடிய ஒரு வழியை முன்வைக்கிறேன். தமிழின் சொல்வரிசை நம்மை இடறச் செய்கிறது என்றேன். அதே வரிசையைக் கருவியாகவும் பயன்படுத்தலாம். ஐயத்துக்குரிய பெயர்த்தொடரை மனத்துக்குள் தமிழாக்கிப் பாருங்கள். தமிழில் இறுதியாக வந்து நிற்கும் பெயர் எதுவோ அதுவே ஆங்கிலத்தில் தலைச்சொல்.

ஓர் ஆய்வறிக்கை வரியை எடுத்துக்கொள்வோம்: 'த ரிசல்ட்ஸ் ஆஃப் த டெஸ்ட் டன் ஆன் ஈச் சாம்பிள், அலாங் வித் அ கிராஃப், இஸ் கிவன் பிலோ'. வினைக்கு முன்னே 'டெஸ்ட்', 'சாம்பிள்', 'கிராஃப்' என்று மூன்று ஒருமைப் பெயர்கள் நிற்பதால் காதுக்கு 'இஸ்' உறுத்தவில்லை. தமிழாக்குங்கள்: 'ஒவ்வொரு மாதிரியின் மீதும் நடத்தப்பட்ட சோதனையின் முடிவுகள்'. இறுதியில் நிற்பது 'முடிவுகள்'. வினை 'ஆர்' என்று திருந்த வேண்டும். 'அலாங் வித் அ கிராஃப்' என்பது 'ஒரு வரைபடத்துடன்' என்று மூன்றாம் வேற்றுமையில் போய்விடுவதால், அது எழுவாயோடு சேராது என்பதும் தானாகவே தெரிந்துவிடுகிறது.

'த நம்பர் ஆஃப் ஸ்டூடண்ட்ஸ்', 'அ நம்பர் ஆஃப் ஸ்டூடண்ட்ஸ்' என்னும் இரண்டிலும் பலர் தடுமாறுகிறார்கள். முதலாவது 'மாணவர்களின் எண்ணிக்கை'. இறுதிச் சொல் ஒருமை, எனவே 'இஸ்'. இரண்டாவது 'பல மாணவர்கள்', எனவே 'ஆர்'.

தமிழாசிரியர் எழுதியது:

அருமையான வழி. ஆயினும் எல்லை ஒன்று உண்டே? 'ஈச் ஆஃப் த ஸ்டூடண்ட்ஸ்' என்பதைத் தமிழாக்கினால் 'மாணவர்களுள் ஒவ்வொருவரும்' என்று வரும். அதற்கு நாம் 'வந்தனர்' என்றும் எழுதுகிறோம், 'வந்தார்' என்றும் எழுதுகிறோம். 'சிஸர்ஸ்' என்பது தமிழில் 'கத்தரிக்கோல்' என்னும் ஒருமை. ஆங்கிலத்தில் 'ஆர்' அல்லவா வர வேண்டும்?

மொழியியல் மாணவர் எழுதியது:

உண்மை, ஐயா. இந்த வழி தலைச்சொல் எது என்பதை மட்டுமே காட்டும். அந்தச் சொல் ஆங்கிலத்தில் ஒருமையா பன்மையா என்பதைக் காட்டாது. 'ஈச்', 'எவ்ரி', 'எவ்ரிஒன்' ஆகியவை ஒருமை என்பதையும், 'சிஸர்ஸ்', 'ட்ரவுசர்ஸ்' ஆகியவை பன்மை என்பதையும், 'ஃபர்னிச்சர்', 'இன்ஃபர்மேஷன்' போன்றவற்றுக்குப் பன்மையே கிடையாது என்பதையும் தனியாகப் படித்து வைத்துக்கொள்ளத்தான் வேண்டும். 'அ பேர் ஆஃப் சிஸர்ஸ்' என்று எழுதினால் தலைச்சொல் 'பேர்' ஆகிவிடுகிறது. அப்போது வினை 'இஸ்'.

மெய்ப்புநோக்குநர் எழுதியது:

இன்று கையிலுள்ள அறிக்கையில் இந்த முறையைப் பயன்படுத்திப் பார்த்தேன். 'த லெவல் ஆஃப் இம்ப்யூரிட்டீஸ் ஃபவுண்ட் இன் த வெல்ஸ் வேர் ஹை' என்ற வரி சிக்கியது. 'கிணறுகளில் காணப்பட்ட மாசுகளின் அளவு' என்று தமிழாக்கியதும் 'வாஸ்' என்று திருத்தினேன். பக்கத்தில் ஓரக்குறிப்பாக அந்தத் தமிழ்த்தொடரையும் எழுதி, 'அளவு' என்பதன் கீழ் கோடிட்டு ஆசிரியருக்கு அனுப்பியிருக்கிறேன். பொறியாளர் வாக்கியத்தில் கையொப்பமிட்டவர்கள் நால்வர் என்று கேட்டு உறுதிசெய்துகொண்டேன். ஆகவே 'ஹேவ்' என்பதை அப்படியே விட்டுவிட்டேன்.